காற்றை எடை போட்ட கஸ்பர்

கஸ்பர் அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். பாசமெல்லாம் அதற்குப் பிறகுதான். எதைச் சொன்னாலும் "நிறுத்துப் பாத்தீங்களா மிஸ்?" என்று கேட்கிற ஒரு மனிதருடன் பன்னிரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்து பாருங்கள், தெரியும். கடையில் வாங்கிய சீனியைப் பார்த்துக் கேட்டார், விட்டேன். சந்தைக் கரட்டைப் பார்த்துக் கேட்டார், அதையும் விட்டேன். என் மூத்தவள் பிறந்தபோது மூன்று கிலோ இருநூறு என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் பெருமையாக வந்து சொன்னேன். அந்த வார்ட்டுத் தராசு பழசு, ஸ்பிரிங் தொய்ந்திருக்கும் என்றார். அன்றைக்கு முழுக்க நான் அவருடன் பேசவில்லை.

ஹட்டன் ரயில் நிலையத்துக்கு மேலே, தகரக் கூரை போட்ட பழைய கட்டடம் ஒன்றில் எங்கள் பரிசோதனைக் கூடம் இருந்தது. பெயர்ப்பலகையில் என்னவோ நீளமான பெயர்தான். ஊருக்கு அது தராசு ஆபீஸ். திம்புள்ள, பூண்டுலோயா, இறம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களின் தராசுகளும் படிக்கற்களும் சரியா பிழையா என்று பார்க்க எங்களிடம்தான் வரும். நான், டோரீன், அங்கே கிளார்க். எங்களுக்கு மேலே பொறுப்பாக இருந்தவர் துரைராசா சேர். யாழ்ப்பாணத்துக்காரர், பௌதிகம் படித்தவர், ஹட்டன் குளிருக்கு மார்ச் மாதத்திலும் மப்ளர் கட்டிக்கொண்டிருப்பவர். கஸ்பர் அண்ணன் அங்கே இரும்புப் படிக்கல் தூக்க வந்தவர். தூக்குகிற கல்லின் நிறை எப்படி வந்தது என்று கேட்டுக் கேட்டே, கடைசியில் நிறுக்கிற வேலை முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். ஆனால் வேலை நிரந்தரமில்லை. ஒன்பது வருடமாக நாள் சம்பளம்தான்.

படிக்கல் தூக்க அவர் எப்படி வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அம்மா ராசம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட கஸ்பர் அண்ணனுக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு பிடிக்கிற வேலை கிடைத்தது. மலையகத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும்: மழை நாளில், பனி மூட்ட நாளில், எடுத்த கொழுந்தில் ஈரம் இருக்கிறது என்று சொல்லி ஆளுக்கு இரண்டு கிலோ கழித்துத்தான் கணக்கப்பிள்ளை எழுதுவார். நன்றாக நனைந்திருந்தாலும் இரண்டு, லேசாக நனைந்திருந்தாலும் இரண்டு. கேட்டால் ஈரம் பாரம் என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

இவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு மழை நாளில் அம்மாவின் சாக்குக் கொழுந்தை நிறுத்துவிட்டு, மடுவத்தின் ஓரத்தில் படங்கு விரித்துக் கொட்டி, ஒரு மணி நேரம் கிளறி உலர்த்தி, திரும்ப நிறுத்தார். முக்கால் கிலோதான் குறைந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு வாயைச் சும்மா வைத்திருந்தாரா? இல்லை. கொழுந்து எடுக்கிற பெண்கள் அத்தனை பேரும் நிற்க, முக்கால்தாங்க ஐயா, நிறுத்துப் பாத்தேங்க என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. அப்படித்தான் ஹட்டனுக்கு வந்தார்.

தொண்ணூற்றெட்டில் எங்களுக்கு ஒரு புதிய நுண்தராசு வந்தது. ஒரு கிலோவைப் பத்தில் ஒரு மில்லிகிராம் வரைக்கும் பிரித்துக் காட்டும். தனி அறை, இரட்டைக் கதவு, கண்ணாடிப் பெட்டி. துரைராசா சேர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். அதோடு கொழும்புத் தலைமை ஆபீசிலிருந்து ஒரு நிபந்தனையும் வந்தது. அவர்கள் நிறை தெரிந்த அலுமினியக் கட்டி ஒன்றை அனுப்புவார்கள், நிறையை எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். நாங்கள் நிறுத்துச் சொல்லும் நிறை அவர்களுடையதிலிருந்து ஒரு மில்லிகிராமுக்கு மேல் விலகக் கூடாது. இரண்டு தவணை உண்டு. தேறினால் கூடத்துக்கு அங்கீகாரம், கஸ்பர் அண்ணனின் வேலையும் நிரந்தரம். இரண்டிலும் தவறினால் தராசு திரும்பக் கொழும்புக்குப் போகும், அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வயது நாற்பது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். இனி எந்தத் தோட்டத்தில் அவரைப் பெரட்டுக்குக் கூப்பிடுவார்கள்?

அலுமினியக் கட்டியை நிறுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆற்றில் நிற்கும்போது தண்ணீருக்குள் ஒரு கல்லைத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருக்கும். தண்ணீர் அதைத் தாங்குகிறது. காற்றும் அப்படித்தான் தாங்கும், மிகக் கொஞ்சமாக. எங்கள் உருக்குப் படிக்கல் சின்னது, அதே ஒரு கிலோ அலுமினியம் மூன்று மடங்கு பெரிது. ஆகவே காற்று அலுமினியத்தைக் கூடுதலாகத் தாங்கும். எவ்வளவு தாங்குகிறது என்று தெரிய, அன்றைக்கு அந்த அறைக் காற்றே எவ்வளவு பாரம் என்று தெரிய வேண்டும். கொழும்புக் காற்று வேறு, நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஹட்டன் காற்று வேறு. வெயில் நாள் காற்று வேறு, மழை நாள் காற்று வேறு.

அதைக் கணக்கிடும் முறையைக் கொழும்புக்காரர்கள் ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தார்கள். கஸ்பர் அண்ணனுக்கு ஆங்கிலம் ஓடாது என்பதால் நான் அதைத் தமிழில் ஒரு படிவமாகத் தட்டினேன். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: காற்றழுத்தத்தை எடு. காற்றில் கலந்திருக்கும் ஈரத்தின் அழுத்தத்தில் எட்டில் மூன்று பங்கை அதிலிருந்து கழி. வந்ததை வெப்பநிலையைக் கொண்டு வகு.

கழி என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. ஈரத்துக்குக் கழிப்பதா? ஈரம் சேர்ந்தால் பாரம் கூடத்தானே வேண்டும்? நானும் திம்புள்ளத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். என் அம்மாவும் அந்த இரண்டு கிலோவை வருடக் கணக்காகக் கொடுத்துவிட்டு வந்தவர். வெயிலில் உட்கார்ந்து தட்டுகிற கொழும்பு டைப்பிஸ்டுக்கு ஈரத்தைப் பற்றி என்ன தெரியும், பாவம், பிழையாகத் தட்டிவிட்டாள் என்று நினைத்தேன். நல்ல மனத்தோடு, கழி என்பதைக் கூட்டு என்று திருத்தினேன். மாற்றியதைத் துரைராசா சேரிடம் சொல்லவும் செய்தேன். அவர் மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு, யாழ்ப்பாணத்துக் காற்று மூக்கைக் காய வைக்கிற காற்று, ஈரச் சமாச்சாரமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும் என்று கையெழுத்து வைத்துவிட்டார். கஸ்பர் அண்ணனும் தலையாட்டினார். ஈரம் இரண்டு கிலோவா முக்கால் கிலோவா என்பதில்தான் அவருக்குச் சண்டை. ஈரம் பாரம் என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை.

முதல் கட்டி நவம்பரில் வந்தது. விடாத மழை. அண்ணன் நான்கு நாள் நிறுத்தார், நான் கல்குலேட்டரைத் தட்டினேன், முடிவை அனுப்பினோம். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நாங்கள் நாலு மில்லிகிராம் கூடச் சொல்லியிருக்கிறோம். தவறிவிட்டோம். பிழைக்குக் காரணம் கண்டுபிடித்து எழுத வேண்டும், அடுத்த கட்டி பெப்ரவரியில் வரும்.

நாலு மில்லிகிராம் என்றால் ஓர் அரிசி மணியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்காக ஒரு மனிதரின் பிழைப்பு போவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தில் மூளை வேகமாக ஓடும் எனக்கு. வழி சுலபம் என்றேன். எவ்வளவு பிழை என்பதுதான் கடிதத்திலேயே இருக்கிறதே. அடுத்த முறை வருவதில் நாலைக் கழித்துவிட்டு அனுப்புவோம். காரணத்தைப் பிறகு ஆறுதலாகத் தேடுவோம். துரைராசா சேரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கஸ்பர் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கணக்கப்பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"வேணாங்க மிஸ்," என்றார். "எங்கம்மாகிட்ட ரெண்டு ரெண்டா கழிச்சாங்களே, அதுவும் இப்படித்தான். என்னான்னு தெரியாம கழிக்கிறது எனக்கு ஆகாதுங்க. வேல போனா போகட்டும்."

வேலை போனால் போகட்டுமாம். அவர் வீட்டம்மாவிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும் என்று மனதுக்குள் திட்டினேன். வாயில் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் அடித்த கூத்தைச் சொல்கிறேன். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் பழைய தண்ணீர் டாங்கியிலிருந்து இரண்டு செப்பு மிதவைப் பந்துகளைக் கேட்டு வாங்கி வந்தார். தண்ணீர் நிறைந்ததும் மேலே மிதந்து குழாயை மூடுமே, அந்தப் பந்து. தேங்காய்ப் பருமன், உள்ளே வெறும் கூடு, காற்றுப் போகாமல் ஒட்டியது. ஒரு பந்தை அப்படியே துலக்கி வைத்துக்கொண்டார். மற்றதை வெட்டித் தட்டித் தகடாக்கினார். கோடிக் கணக்கில் விலை சொல்லும் தராசில் கக்கூஸ் டாங்கிப் பந்தை வைப்பதா என்று துரைராசா சேர் தலையில் கை வைத்துக்கொண்டார். தொழிற்சாலை டாங்கிதான் சேர், சுத்தமானது என்றார் இவர்.

பந்தும் தகடும் ஒரே செம்பு. ஆனால் பந்து பெரிசாக இடம் அடைக்கிறது, தகடு அடைக்கவில்லை. காற்றின் பாரம் மாறினால் பந்தில் தெரியும், தகட்டில் தெரியாது. அதுதான் அவர் யோசனை. தினமும் ஒரே நேரத்தில் இரண்டையும் நிறுப்பார். வெப்பமானியும் அழுத்தமானியும் ஒரே அளவு காட்டுகிற நாட்களை மட்டும் எடுத்துக்கொள்வார், மற்ற நாட்களை அடித்துவிடுவார். ஜனவரிக் கடைசியில் அவர் கையில் ஒரு நல்ல காய்ந்த நாளும் ஒரு நல்ல மூட்ட நாளும் சிக்கின. அழுத்தம் ஒன்று, வெப்பம் ஒன்று, ஈரம் மட்டும் வேறு.

மூட்ட நாளில் பந்து நாலு மில்லிகிராம் கூட நிறுத்தது.

நான் துள்ளிக் குதிக்காத குறைதான். பார்த்தீர்களா, ஈரம் பாரம், பந்தில் ஈரம் ஒட்டி நிறை கூடிவிட்டது, என் படிவம் சரி என்றேன். சேரும் ஓம் ஓம் என்றார். கஸ்பர் அண்ணன் மட்டும் சந்தோசப்படவில்லை. தகட்டை எடுத்து எங்கள் முன்னால் வைத்து நிறுத்தார். தகடு மாறவே இல்லை.

"ஒட்டுற ஈரம்னா தகட்டுலதாங்க கூட ஒட்டணும்," என்றார். "பந்துக்கு வெளிப்பக்கம் மட்டுந்தான். தகட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு."

ஈரம் ஒட்டவில்லை என்றால் பந்து ஏன் கூட நிறுக்கிறது? காற்று தாங்குவது குறைந்தால்தான் அப்படி நடக்கும். தாங்குவது குறைய வேண்டுமானால் காற்றே லேசாகியிருக்க வேண்டும். மூட்ட நாளில் காற்று லேசு! மூன்று பேருடைய தலையும் அதை ஏற்க மறுத்தது. முதலில் வழிக்கு வந்தவர் துரைராசா சேர். பழைய படிப்பு திடீரென்று ஞாபகம் வந்தவர்போல நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, நான் ஒரு விசரன்," என்றார். "தண்ணி ஆவி காத்துக்கு மேல போய் ஏறி இருக்கிறேல்லை, காத்தைத் தள்ளிப்போட்டு அந்த இடத்தில நிக்குது. பஸ்ஸில ஒரு பெரிய ஆள் இறங்க, அந்த சீட்டில ஒரு சின்னப் பிள்ளை இருந்தா பஸ் பாரம் குறையுமோ, கூடுமோ?"

குறையும். அப்படியானால் ஈரத்துக்குக் கழிக்கத்தான் வேண்டும். கழி என்றுதான் இருந்தது. நான் கூட்டு என்று தட்டியதால் காற்றைப் பாரமாக எடுத்து, கட்டியின் நிறையையும் கூடச் சொல்லிவிட்டோம். மேசை லாச்சியைத் திறந்து, கொழும்பிலிருந்து வந்த ஆங்கிலத் தாளை எடுத்து வைத்தேன். அந்தச் சின்னக் கழித்தல் குறி கொட்டை எழுத்துப்போல் தெரிந்தது. அந்தக் கொழும்பு டைப்பிஸ்டிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். கஸ்பர் அண்ணனிடம் வாய் திறந்து கேட்டேன். இரண்டு மாதம் அவர் தூங்காமல் கிடந்தது என் ஒரு சொல்லால்தானே. அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஈரக் காற்று லேசு, ஈரக் காற்று லேசு என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு மனிதருக்கு நாற்பது வயதில் இப்படியொரு விசயம் தெரிய வந்தால் எவ்வளவு சந்தோசமாக இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

இரண்டாவது கட்டி பெப்ரவரி நடுவில் வந்தது. அப்போது பளிச்சென்று வெயில், காய்ந்த காற்று. திருத்திய படிவத்தால் கணக்குப் போட்டோம். ஒரு குறுகுறுப்பில் பழைய படிவத்தாலும் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் நாலு இல்லை, மூன்றுக்கும் குறைவு. காற்றில் ஈரம் குறைந்தால் பிழையும் குறையும்தானே. நான் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு நாலைக் கழித்திருந்தால், குறைவுப் பக்கம் ஒன்றுக்கு மேல் விலகி மறுபடியும் தவறியிருப்போம். அதை அண்ணனிடம் காட்டினேன். வேறு யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருப்பார்கள். இவர் தேநீர் குடித்தீர்களா என்று கேட்டார்.

முடிவோடு முதல் தவணைப் பிழையின் காரணத்தையும் எழுதி அனுப்ப வேண்டும். யாரால் நேர்ந்தது என்று ஒரு கட்டம் இருந்தது. நான் என் பெயரைத் தட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிறுத்தவர் என்ற முறையில் கஸ்பர் அண்ணன் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்க மாட்டேன் என்றார்.

"உங்க பேர மட்டும் போட்டா உங்களுக்கு மட்டுந்தான் தெரியலன்னு ஆயிரும் மிஸ். எனக்குந் தெரியல, சேருக்குந் தெரியல. உள்ளதப் போடுங்க."

உள்ளதைத் தட்டினேன். ஈரக் காற்று பாரம் என்று இங்கே மூவரும் நம்பினோம், நிறுத்துப் பார்த்தோம், அது லேசு என்று கண்டோம். அதன் கீழே மூன்று பேரும் கையெழுத்து வைத்தோம். பந்தையும் தகட்டையும் நிறுத்த கணக்கு முழுவதையும் இணைத்து அனுப்பினோம்.

மார்ச் பதினெட்டாம் திகதி பதில் வந்தது. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது அண்ணன் தராசு அறைக்குள் இருந்தார். சேர் கடிதத்தைக் கையில் வாங்க மறுத்துவிட்டார், நீர் வாசியும் டோரீன் என்றார். நான் அந்த அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே கேட்கும்படி சத்தமாக வாசித்தேன். வித்தியாசம் பத்தில் மூன்று மில்லிகிராம். தேறிவிட்டோம். பந்தும் தகடும் வைத்துச் செய்த பரிசோதனையைத் தங்கள் ஆட்களுக்கும் வந்து காட்ட முடியுமா என்று கொழும்புக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அடியில் இன்னொரு வரி: திரு. அ. கஸ்பர், ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து நிரந்தர ஊழியர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் அசையவில்லை. கூடவா குறையவா என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. பத்தில் மூன்றுதான், நாங்கள் சொன்னது கூடவா குறையவா என்று திரும்பக் கேட்டார். கூட என்றேன். அது எங்கேயிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும் என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். அட மனுசா, வேலை நிரந்தரமாகிவிட்டது, ஒன்பது வருடம், அது காதில் விழவில்லையா என்று கத்தினேன். சேர் மப்ளரால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடும் டோரீன், விடும் என்றார்.

கஸ்பர் அண்ணன் படிக்கல்லை இடுக்கியால் எடுத்துப் பெட்டியில் வைத்தார். கண்ணாடிப் பெட்டியின் கதவைச் சாத்தினார். உள் கதவைச் சாத்தினார், வெளிக் கதவைச் சாத்தினார், எங்களைக் கடந்து முற்றத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகு குலுங்கியது. நான் பின்னாலேயே போய், உள்ளேயே நின்றிருக்கலாமே அண்ணே, நாங்கள் என்ன வேறு ஆட்களா என்றேன்.

அவர் திரும்பவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"உள்ள நின்னு அழுதா அறையில ஈரம் ஏறிரும்ங்க மிஸ்."